முறையும் முறைகேடும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டும் இலக்கியச் சொற்பொழிவு ஒன்று ஆற்றுமாறு காரியதரிசியவர்கள் அடியேனைப் பணித்தார்கள். வழக்கம்போல் கம்பரையோ வள்ளுவரையோ எடுத்துக்கொண்டு பேசிச் சென்றிருக்கலாம். ஆனால் நாளைக் காலை கூடவிருக்கும் நிர்வாக சபையில், நமது கல்வி நிதியின் விதிகளைத் திருத்தும் தீர்மானம் ஒன்று வருகிறது. 'முறைப்படி மணம்புரிந்த பெற்றோரின் மக்களுக்கே உதவித்தொகை வழங்கப்படும்' என்னும் வரி அவ்விதிகளிற் புதிதாகச் சேர்க்கப்படவிருக்கிறது. அவ்வரியிலுள்ள 'முறை' என்ற சொல் சில நாட்களாக என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஆகவே அச்சொல்லையே இன்றைய பேச்சுக்குப் பொருளாகக் கொண்டேன். பிழை இருப்பின் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

தமிழில் 'முறை' என்பது பொருள் பரந்த சொல். புதிதாக ஒருவரைக் கண்டால், 'உங்களுக்கு அவர் என்ன முறை வேண்டும்?' என்று கேட்கிறோம்; அங்கே அது உறவு. முறைமாமன், முறைப்பெண் என்பனவும் அவ்வழிப்பட்டனவே. அரசன் நீதி வழங்குதலை 'முறை செய்தல்' என்றும், குடிகள் தங்குறை கூறி நிற்றலை 'முறையிடுதல்' என்றும் முன்னோர் வழங்கினர். அங்கே அது நீதி. தேவார திருவாசகங்களைத் திருமுறை என வகுத்தனர்; அங்கே அது நூல். கடைமடையில் நிற்கும் உழவன், 'இன்று என் முறை' என்று சொல்லி மண்வெட்டியை எடுக்கிறான். அங்கே அது பங்கு.

குடும்பம், அரசு, இலக்கியம் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லாற் கட்டிய நம் முன்னோர்க்கு ஒரு கருத்து இருந்திருக்க வேண்டுமன்றோ? என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் அக்கருத்து இதுவே: ஒருவன் மற்றொருவனுக்குச் செய்யக் கடமைப்பட்டதைச் செய்தல் முறை, செய்யாது கைவிடுதல் முறைகேடு. செய்தவனையும் செய்யாதவனையும் பற்றிய சொல் அது. பிறந்து கிடக்கும் பச்சிளங் குழந்தை எதையும் செய்ததும் இல்லை, செய்யாது விட்டதும் இல்லை. அதன்மேல் முறைகேடு என்னும் பெயர் எவ்வாறு ஏறியது என்பதே யான் ஆராயப் புகுந்த வினா.

முதற்கண் இலக்கியத்தைப் பார்ப்போம். அத்தினாபுரத்தில் இராசகுமாரர்கள் தங்கள் படைக்கலப் பயிற்சியை அரங்கேற்றுகிறார்கள். அருச்சுனன் வில்வித்தை காட்டி முடிக்குந் தறுவாயில், கவச குண்டலங்களோடு ஓர் இளைஞன் புகுந்து, அவன் செய்தவற்றையெல்லாம் தானும் செய்து காட்டுகிறான். இருவரும் எதிரெதிரே நிற்பதைக் கண்ட குந்தி மூர்ச்சித்து விழுகிறாள். இருவரையும் பெற்றவள் அவளே. ஆயினும் வாய் திறந்தாளில்லை. அப்பொழுது கிருபாசாரியார் எழுந்து, அவ்விளைஞனின் குலம் யாது, தாய் தந்தையர் யாவர் என்று வினவுகிறார். கர்ணன் தலை கவிழ்கிறான். துரியோதனன் அவ்விடத்திலேயே அவனுக்கு அங்கதேசத்து முடியைச் சூட்டுகிறான். சற்று நேரத்தில் முதிய தேரோட்டியாகிய அதிரதன் தள்ளாடி வருகிறான். அபிடேக நீர் உலராத தலையை அவன் காலடியில் வைத்து வணங்குகிறான் கர்ணன். வீமன் நகைக்கிறான்.

இக்காட்சியில் நாம் கவனியாது விடும் செய்தி ஒன்று உண்டு. குலம் கேட்ட கிருபர் யார்? நாணற்புல்லிற் குழந்தையாய்க் கிடந்து, சந்தனு மகாராசனாற் கண்டெடுக்கப்பட்டு, அவன் கிருபையால் வளர்ந்தமைபற்றிக் கிருபர் எனப் பெயர்பெற்றவர். பாரதம் பாடிய வியாசரோ, சத்தியவதி மணமாகுமுன் பெற்ற மகன். திருதராட்டிரனும் பாண்டுவும் விசித்திரவீரியனின் புதல்வர் எனப்பட்டனரேயன்றி, அவனுக்குப் பிறந்தவரல்லர். பாண்டவர் ஐவரும் பாண்டுவுக்குப் பிறந்தவரல்லர். இத்தகைய குலத்தார் கூடியிருந்த அவையில் ஒருவனை மட்டும் நிறுத்தி, 'உன் தந்தை யார்?' என்று கேட்டார்கள். மற்றையோர்க்கெல்லாம் 'இவன் எம் பிள்ளை' என்று சொல்ல யாரோ ஒருவர் இருந்தார். இவனுக்குச் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. வேற்றுமை அவ்வளவே.

மநு முதலிய தருமநூல்கள் புதல்வரைப் பன்னிரு வகையாக எண்ணுகின்றன. கன்னிப் பருவத்திற் பெற்ற மகனுக்குக் கானீனன் என்று பெயரிட்டு, அவனையும் அவ்வரிசையில் வைத்திருக்கின்றன. பன்னிருவர்க்கும் உரிமை ஒத்ததன்று. ஆயினும் கானீனனுக்கும் ஒரு பெயரும் ஓர் இடமும் இருந்தன. போர் மூளுமுன் கண்ணபிரான் கர்ணனைத் தனியே தேரிலேற்றிச் சென்று இந்நியாயத்தையே எடுத்துரைக்கிறான்: நூல்வழி நீ பாண்டுவின் மகன், முடி உன்னுடையது என்று. கர்ணன் இசையவில்லை. தன்னைக் கண்டவுடன் இராதையின் மார்பிற் பால் சுரந்ததையும், அதிரதன் தனக்குச் சாதகருமம் முதலாகத் திருமணம் ஈறாக எல்லாம் செய்வித்ததையும் கூறி, அவர்களை எங்ஙனம் விடுவேன் என்கிறான். பெற்ற முறை ஒருபுறமும் வளர்த்த முறை மறுபுறமும் நிற்க, கடமை செய்தவர் பக்கத்தையே அவன் முறையெனத் தேர்ந்தான். வியாச பாரதத்தின்படி, போர் முடிந்து இறந்தோர்க்கு நீர்க்கடன் ஆற்றும்போதுதான் குந்தி உண்மையை வெளியிடுகிறாள். உயிரோடிருந்த நாளில் நாலுபேர் அறிய 'மகனே' என்று அழைக்கப்பெறாதவன், மாண்டபின் எள்ளுந் தண்ணீரும் பெற்றான்.

அன்பர்களே, இக்கதையை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியவன் யான். எனினும் ஒருநாள் யானே கிருபராக நேர்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு, ஆறாம் வகுப்பின் சேர்க்கைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பையனுக்கு நேரே தகப்பன் பெயர் எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தது. நாற்பது பிள்ளைகள் கேட்க, 'உன் அப்பா பேர் என்னடா?' என்றேன். அவன் எழுந்து நின்றான், பேசவில்லை. பின்வரிசையில் எவனோ சிரித்தான். 'வாத்தியார் கேட்டால் பதில் சொல்லத் தெரியாதா?' என்று அதட்டி, மணியடிக்கும்வரை அவனை நிற்க வைத்தேன். மறுநாள் அவன் வரவில்லை. நான்காம் நாள் அவன் தாய் பள்ளி வாயிலில் வந்து நின்றாள். பூக்கட்டி விற்றுப் பிழைப்பவள். 'ஐயா, கேக்கணும்னா என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க. அவனைக் கேக்காதீங்க. அவனுக்கு என்னங்க தெரியும்?' என்றாள். யான் கற்ற உரைகளிலெல்லாம் எனக்குப் புலப்படாதிருந்த நீதி அவ்வொரு பேச்சில் இருந்தது. அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நாவெழவில்லை. கட்டத்தில் அவள் பெயரை எழுதினேன், அவ்வளவே செய்தேன். அப்பையனின் தகப்பன் நம்மவருள் ஒருவர் என்பதும், சங்கத்துக்குச் சந்தா தவறாது செலுத்திவந்தவர் என்பதும் பின்னரே எனக்குத் தெரியவந்தன. பெயரும் ஊரும் சொல்ல யான் இங்கு வரவில்லை.

இனிக் குடும்ப வாழ்க்கையை நோக்குவோம். திருமணச் சடங்கு ஏன் உண்டாயிற்று என்பதற்குத் தொல்காப்பியர் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. மக்கள் பொய் பேசவும், ஒழுக்கத்தில் வழுவவும் தலைப்பட்ட பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்கிறார் அவர். களவிற் கூடியவன் பின்னர் 'யான் அறியேன்' என்று கைவிரிக்காதபடி, பலர் அறியச் செய்து வைத்த காவலே சடங்கு என்பது இதனால் விளங்கும். அக்காவல் பெண்ணுக்காகவும் பிள்ளைக்காகவும் ஏற்பட்டது. காவலுக்கு வைத்த கதவைக் கொண்டே குழந்தையைத் தெருவில் நிறுத்திச் சாத்திக்கொள்வது, கதவு செய்தவர் கருத்தாக இருக்க முடியுமா?

அகநானூற்றின் 256-ஆம் பாட்டிற் கள்ளூர் என்னும் ஊர் வருகிறது. இளம்பெண் ஒருத்தியின் நலத்தைக் கவர்ந்த ஒருவன், அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைக்கிறான். அவையத்தார் சான்றாளரை வினவி உண்மை தெளிகின்றனர்; தெளிந்தபின் அவனைக் கிளை செறிந்த மரத்திற் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டுகின்றனர். அப்பொழுது அவையில் எழுந்த ஆரவாரத்தைப் புலவர் ஓர் உவமையாக எடுத்தாளுகிறார். அப்பெண்ணை எவரும் பழித்ததாக அப்பாட்டில் இல்லை. சாம்பல் விழுந்தது பொய்யுரைத்தவன் தலையில்.

அச்சாம்பல் பின்னர் இடம் மாறிற்று. நம் தெருக்களில் வழங்கும் வசைச்சொற்களை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். இவ்வவையில் அவற்றைச் சொல்லுதல் தகாது. பிள்ளையைச் சுடுஞ் சொற்கள் உண்டு. தாயைச் சுடுஞ் சொற்கள் அவற்றினும் மிகுதி. பெற்றுவிட்டுப் போனவனைச் சுடுவதற்கென்றே பிறந்த சொல் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். தமிழ்ப் பண்டிதனாகிய எனக்கு அகப்படவில்லை.

அரசாங்கச் சட்டம் இவ்விஷயத்தில் நம்மினும் முந்திச் சென்றுகொண்டிருக்கிறது. தன்னைத்தான் காத்துக்கொள்ள இயலாத குழந்தைக்கு, அது மணத்திற் பிறந்ததாயினும் அல்லாததாயினும், தகப்பன் ஜீவனாம்சம் தரவேண்டும் என்பது 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதையே கூறுகிறது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு, செல்லாத மணத்திற் பிறந்த பிள்ளைகளைக் காப்பதற்கு அமைந்தது. 1976-இல் அது திருத்தப்பட்டு, மணம் செல்லாவிடினும் பிள்ளை முறையான பிள்ளையே என்று விரிவடைந்தது. மணமாகாத தாய், தகப்பன் பெயரை வெளியிடாமலே தன் குழந்தைக்குப் பாதுகாவலர் ஆகலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்லாத மணத்திற் பிறந்தோர், கூட்டுக் குடும்பச் சொத்திலே தம் பெற்றோர்க்குப் பாகப்பிரிவினையிற் கிடைத்திருக்கக்கூடிய பங்கிலும் உரிமை பெறுவர் என்று 2023 செப்டம்பர் முதல் நாள் அந்நீதிமன்றத்தின் மூவர் அமர்வு கூறிற்று. மற்றை உறவினரின் சொத்தில் அவர்கள் உரிமை கேட்க இயலாது என்னும் வரம்பும் உண்டு. எனவே சட்டம் மணத்தை மதியாமல் விட்டுவிடவில்லை. மணத்தின் குறையை மணந்தவர் கணக்கில் எழுதிற்று. பிள்ளையின் கணக்கில் எழுதவில்லை.

மூன்றாவது அரசியல். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே மநுநீதிச் சோழன் வரலாற்றை வைத்தார். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது முறையீடு. தன் ஒரே மைந்தன்மேல் மன்னன் தேரூர்ந்தது முறை. அம்மைந்தன் பட்டத்துக்குரிய இளவரசன். பிறப்பில் யாதொரு குறையும் இல்லாதவன். அப்பிறப்பு அவனைக் காக்கவில்லை. அரசனையும் அரியணையில் நிறுத்துவது அவன் செய்யும் முறையே என்பதை விளக்க இதனினும் வேறு கதை வேண்டுவதில்லை.

இதற்கு மாறாகப் பாண்டிநாட்டு வரலாற்றைப் பாருங்கள். 1268-இல் ஆட்சிக்கு வந்த மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்குச் சுந்தரபாண்டியன், வீரபாண்டியன் என இரு புதல்வர். முன்னவன் பட்டத்தரசி வயிற்றிலும், பின்னவன் காமக்கிழத்தி வயிற்றிலும் பிறந்தவர் என்றும், தந்தை பின்னவனுக்கே அரசுரிமை தர விரும்பினமையால் முன்னவன் 1310-இல் தந்தையைக் கொன்றான் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியிருக்கிறார். உடன்பிறந்தார் இருவரும் ஒருவரோடொருவர் பொருதுகொண்டிருந்த நிலையில், 1311-இல் மாலிக்காபூரின் படை தெற்கே வந்தது. மதுரை சூறையாடப்பட்டது. வசாப் கூறுவதன்படி நோக்கினால், முறையிற் பிறந்தவன் யார் என்பதில் ஐயமில்லை. தந்தையைக் கொன்றவனும் அவனே. அவனை நாம் எவ்வாயால் முறையான அரசன் என்போம்?

இனித் தஞ்சைச் செய்தி ஒன்று. யானும் பண்டிதன் ஆகையால் இதனை நாணத்தோடு சொல்கிறேன். 1787-இல் துளசா மன்னர் மரணத் தறுவாயிற் சரபோசி என்னும் சிறுவரைத் தத்தெடுத்தார். அவர் மறைந்தபின் தத்துச் செல்லுமா என்று கும்பெனியார் பண்டிதர்களைக் கேட்டனர். செல்லாது என்றார்கள், அமரசிங்கர் அரியணை ஏறினார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பண்டிதர்களைக் கேட்டனர். செல்லும் என்றார்கள், 1798-இற் சரபோசி அரசரானார். நூல்கள் மாறவில்லை, கேட்டவர்களின் நோக்கம் மாறிற்று. மறு ஆண்டே, 1799-இல், ஆட்சியதிகாரம் கும்பெனியார் கைக்குப் போயிற்று. ஆயினும், செல்லாத பிள்ளை என்று ஒருகாற் சொல்லப்பட்ட அச்சரபோசி மன்னரே சரசுவதி மகாலை வளர்த்து, சுவடிகளைத் தொகுத்து, அச்சகமும் அமைத்து, 1832-இல் மறைந்தார். இன்றும் சுவடி தேடுவோர் அங்குச் செல்கின்றனர். முன்னோர் செல்வத்தைக் காத்தலே புதல்வன் கடன் என்றால், அவரினும் முறையான புதல்வர் யார்?

ஆங்கிலேயர் நாட்டிலும் இவ்வாறே. 1533-இற் பிறந்த எலிசபெத்தை, அவள் தாய் கொல்லப்பட்ட 1536-இல், முறையற்ற மகள் என்று பார்லிமெண்டு சட்டம் செய்தது. பின்னர் 1544-இல் அப்பெயரை நீக்காமலே அவளை அரசுரிமை வரிசையிற் சேர்த்தது. அவளே 1558 முதல் 1603 வரை அரசாண்டாள். ஒரே பிறப்பு, எழுதுகோல் பிடித்தவர் விருப்பப்படி முறையாகவும் முறைகேடாகவும் ஆயிற்று.

இனி நம் இல்லத்துக்கு வருவோம். 'இப்படியெல்லாம் விட்டுவிட்டால் மணவொழுக்கம் என்னாவது? நம் குடும்பங்களின் மானம் என்னாவது?' என்று பெரியோர் சிலர் கேட்பர். அக்கேள்வியை யான் மதிக்கிறேன். மணவொழுக்கம் தளர வேண்டும் என்று யான் சொல்லவில்லை. தளரலாகாது என்பதே என் கொள்கை. ஆனால், இன்னும் பிறவாத பிள்ளைக்கு உதவித்தொகை கிடையாதே என்றெண்ணித் தவற்றினின்று திரும்பிய ஆடவன் ஒருவனையும் யான் கண்டதில்லை. நாளைய தீர்மானத்தால் அவனுக்கு யாதொரு நட்டமும் இல்லை. அவன் உறுப்பினனாகவே இருப்பான்; விழாக்களில் முன்வரிசையிலே அமர்வான்; வாக்களிப்பான். விலக்கப்படுவது அவன் பிள்ளை மட்டுமே. தந்தைக்கு நாற்காலியும் பிள்ளைக்குக் கதவடைப்பும் வைக்கும் விதிக்கு முறை என்று பெயரிடலாமா? பெரியோர்களே, இதனை நீங்களே தீர்ப்புச் செய்யுங்கள்.

நிர்வாக சபைக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். முதலாவது, புதிதாகச் சேர்க்கவிருக்கும் அவ்வரியை நீக்கிவிடுக. இரண்டாவது, விண்ணப்பப் படிவத்தில் 'தகப்பன் பெயர்' என்னும் கட்டத்தைப் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயர்' என்று மாற்றுக. ஒரு தாயின் பெயர் மட்டும் அங்கே எழுதப்பட்டிருப்பின், மேற்கொண்டு யாதும் வினவாதிருக்க. மூன்றாவது, கள்ளூர் அவையை நினைவிற் கொள்க. மரத்திற் கட்டவும் நீறு கொட்டவும் வேண்டா. அவை இக்காலத்துக்கு ஒவ்வா. நம்முள் ஒருவர் பெற்ற பிள்ளையைக் கைவிட்டார் என்று ஒரு தாய் வந்து முறையிட்டால், சங்கத்துப் பெரியோர் அவரை அழைத்துக் கடமையை எடுத்துரைக்க. அவர் இசையாவிடின், அத்தாய் நீதிமன்றம் சென்று ஜீவனாம்சம் பெறுதற்கு நம் வழக்கறிஞர்களைக் கொண்டு உதவி செய்க. மணவொழுக்கத்தைக் காக்க விரும்புவோர்க்கு இதனினும் நேரிய வழி இல்லை.

யான் நிற்க வைத்த அப்பையன் படித்து முடித்து, இன்று ஒரு தொழிலில் அமர்ந்து, தாயைக் காப்பாற்றி வருகிறான். சென்ற தைப்பொங்கலன்று கரும்பும் பழமும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அன்று கேட்க நாவெழாத மன்னிப்பை அவனிடம் கேட்டேன். 'அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லீங்க ஐயா' என்றான். அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். என் மனம் நோகலாகாது என்று அவன் சொன்ன பொய் அது. ஆசிரியனுக்கு மாணவன் செய்யும் முறையை அவன் செய்துவிட்டான். அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு நாம் செய்யும் முறை நாளைக் காலை தெரியவரும்.